போனவர்களும் போக முடியாதவர்களும்: மனித இடப்பெயர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதர்கள் இடம் மாறுவது பற்றி மாணவர்களும், வீட்டிலிருந்து யாரையாவது தொலைவுக்கு அனுப்பியவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வகை, காரணம், விளைவு என்று எதைப் பேசினாலும் இன்னொரு கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்வது எனக்கு உதவுகிறது: அந்த மனிதர் போகாமல் இருந்திருக்க முடியுமா?

இடப்பெயர்வு என்று எதைச் சொல்கிறோம்?

வழக்கமாக வசித்த இடத்தை விட்டு வேறோர் இடத்தை வசிப்பிடமாக்கிக்கொள்வதைச் சொல்கிறோம். தினமும் ரயிலேறி வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறவரும், சுற்றுலாப் பயணியும் இதில் சேரமாட்டார்கள். நாடு விட்டு நாடு போவதற்கு ஐ.நா. புள்ளியியலாளர்கள் ஒரு கால வரையறை வைத்திருக்கிறார்கள். 12 மாதமாவது வசிப்பிடம் மாறியிருந்தால் நீண்டகால இடப்பெயர்வு; 3 மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் என்றால் குறுகியகாலம்.

உள்நாட்டு நகர்வை எண்ணுவதுதான் கடினம். பிறந்த இடம் எது, இதற்கு முன் கடைசியாக வசித்த இடம் எது என்று கணக்கெடுப்பில் கேட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். நான்கு மாதம் செங்கல் சூளையில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம் இந்தக் கேள்விகளில் பெரும்பாலும் அகப்படாது. அடிக்கடி அலைகிறவர்களே கணக்கில் குறைவாகத் தெரிகிறார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. கணக்கில் வராத குடும்பத்துக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமும் அரசு உதவியும் கைக்கு எட்டுவதில்லை.

இடம்பெயர்ந்தோர், புலம்பெயர்ந்தோர்: இரண்டும் ஒன்றா?

பேச்சில் கலந்து வந்தாலும் வேறுபாடு உண்டு. இடப்பெயர்வு பொதுச்சொல். புலம்பெயர்தல் என்றால் நாடு கடந்து போய் வாழ்வது என்ற பொருளே இன்று நிலைத்திருக்கிறது. இலங்கைத் தமிழில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையானது. போரால் நாட்டுக்குள்ளேயே வீடிழந்து அலைந்தவர்கள் இடம்பெயர்ந்தோர். கடல் கடந்தவர்கள் புலம்பெயர்ந்தோர். பட்டு அறிந்தவர்கள் உண்டாக்கிய வேறுபாடு அது.

குடியேற்றம், குடியகல்வு என்று பாடநூல்களில் வரும் இணை எளிது. போய்ச் சேர்ந்த நாட்டின் பக்கமிருந்து பார்த்தால் குடியேற்றம், விட்டுவந்த நாட்டின் பக்கமிருந்து பார்த்தால் குடியகல்வு. ஆள் ஒருவர்தான்.

உலகத்தில் எத்தனை பேர் இப்படி இடம் மாறியிருக்கிறார்கள்?

பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்கள் 2024இல் சுமார் 30.4 கோடி பேர் என்பது ஐ.நா. மதிப்பீடு. உலக மக்கள்தொகையில் இது 3.7 சதவீதம். 1990இல் 15.4 கோடி பேர் இருந்தார்கள், அப்போது அது ஏறத்தாழ 2.9 சதவீதம். எண்ணிக்கை இரட்டிப்பாகியும் விகிதம் ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை. நூறு பேரில் 96 பேர் இன்னும் பிறந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். உலகமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாகப் பேசுவோர் இந்த விகிதத்தைச் சொல்வதே இல்லை.

உள்நாட்டு நகர்வு இதைவிடப் பல மடங்கு. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2009இல் குறைத்தே மதிப்பிட்டு 74 கோடி என்றது. சீனாவின் 2020 கணக்கெடுப்பில், குடும்பப் பதிவு ஓரிடத்திலும் வாழ்க்கை வேறிடத்திலுமாக இருந்தவர்கள், ஒரே நகரத்துக்குள் மாறியவர்களைச் சேர்க்காமலே, 37.6 கோடி. இந்த ஒரு நாட்டு எண்ணே உலகத்தின் எல்லா வெளிநாட்டுக் குடியேறிகளின் தொகையையும் தாண்டிவிடுகிறது. இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் சுமார் 45 கோடிப் பேர் இடம் மாறியவர்கள். அவர்களில் பெரும்பங்கு பெண்கள். அந்தப் பெண்கள் சொன்ன முதல் காரணம் திருமணம். புகுந்த வீட்டுக்குப் போவதை நாம் இடப்பெயர்வு என்று நினைப்பதே இல்லை. ஆனால் மொழி, உறவு, வேலை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ளும் பயணம் அது.

என்னென்ன வகைகள் உண்டு?

எதை அளவுகோலாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். தூரத்தை எடுத்தால் உள்நாடு, வெளிநாடு. திசையை எடுத்தால் கிராமத்திலிருந்து நகரம், கிராமத்திலிருந்து கிராமம், நகரத்திலிருந்து நகரம், அப்புறம் நகரத்திலிருந்து திரும்பக் கிராமம். காலத்தை எடுத்தால் நிரந்தரம், தற்காலிகம், பருவகாலம். அறுவடைக்கு ஆள் போவதும், கால்நடையோடு கோடையில் மலையேறிக் குளிரில் இறங்குவதும் பருவகால வகை.

இவற்றோடு நடைமுறையில் முக்கியமான இரண்டு வகைகளைச் சேர்க்க வேண்டும். ஒன்று படிப்படியான நகர்வு: முதலில் பக்கத்துச் சிறுநகரம், பிறகு பெருநகரம், பிறகு வெளிநாடு. மற்றொன்று சங்கிலி நகர்வு: முதலில் ஒருவர் போவார், தம்பியை அழைப்பார், தம்பி நண்பனை அழைப்பார். சில வருடங்களில் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தெருவில், ஒரே தொழிலில் இருப்பார்கள்.

விரும்பிப் போவதற்கும் கட்டாயத்தில் போவதற்கும் நடுவே கோடு எங்கே?

நேர்க்கோடாக எங்கும் இல்லை என்பதே என் பதில். இரண்டு முனைகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு முனையில் அட்லாண்டிக் அடிமை வணிகம்: 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை சுமார் 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள், அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கடலிலேயே மாண்டார்கள். மறுமுனையில், கையில் இரண்டு வேலை வாய்ப்பை வைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போகலாம் என்று யோசிக்கும் பொறியாளர்.

சிக்கல் இவற்றுக்கு நடுவில்தான். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க ஒப்பந்தக் கூலி முறை வந்தது. 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்கு மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் போனார்கள். ஒப்பந்தத்தாளில் அவர்களின் சம்மதம் பதிவாகியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம், பஞ்சத்தின் நடுவே, தீவு எங்கே இருக்கிறது என்றே சொல்லாமல் வாங்கிய கைநாட்டைச் சம்மதம் என்று சொல்லலாமா? காகிதப்படி விருப்பம், நடந்ததோ வேறு.

அயர்லாந்தையும் பாருங்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். 1841இல் அந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை இன்றுவரை அது திரும்ப எட்டவில்லை. யாரும் துப்பாக்கி முனையில் அவர்களைக் கப்பலேற்றவில்லை. ஆனால் பயிர் அழுகிக்கிடக்க, வாடகை கட்ட முடியாமல் குடிசையை இழந்தவருக்குத் தங்கியிருக்க என்ன வழி இருந்தது?

அதனால் விருப்பம், கட்டாயம் என்று இரண்டு பெட்டி வைத்துப் பிரிப்பதைவிட, தங்கியிருக்க அவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்று கேட்பதே நேர்மையான வழி.

எதனால் போகிறார்கள்?

பாடநூல் விடை: உந்துகாரணி, இழுகாரணி. வேலையின்மை, வறட்சி, போர், பாகுபாடு ஆகியவை உள்ளிருந்து தள்ளும். சம்பளம், படிப்பு, பாதுகாப்பு, உறவினர் ஆகியவை வெளியிலிருந்து இழுக்கும். 1966இல் எவரெட் லீ என்ற ஆய்வாளர் இதோடு இன்னொன்றையும் சேர்த்தார்: நடுவில் நிற்கும் தடைகள். தூரம், பயணச் செலவு, எல்லைச் சட்டம், மொழி எல்லாம் அதில் வரும். அதே தள்ளலும் அதே இழுப்பும் இருந்தும் ஒருவர் போகிறார், பக்கத்து வீட்டுக்காரர் போவதில்லை என்றால், தடைகளில்தான் விடையைத் தேட வேண்டும்.

அதற்கு எண்பது வருடம் முன்பே, 1885இல், ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் பிரிட்டனின் கணக்கெடுப்புகளைக் கொண்டு சில பொது விதிகளைச் சொன்னார். பெரும்பாலோர் குறைந்த தூரமே போகிறார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் எதிர்த்திசையிலும் ஒரு சிறு நகர்வு உண்டு. குறுகிய தூரத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் நகர்கிறார்கள். விதி என்ற சொல் கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் இந்த மூன்றும் இன்றும் பல நாடுகளில் கண்முன்னே நடக்கின்றன.

நான் இதில் சேர்க்க விரும்புவது, முடிவெடுப்பவர் பெரும்பாலும் தனி ஆள் இல்லை என்பதை. குடும்பம் கூடிப் பேசுகிறது. யாரை அனுப்பினால் பணம் வரும், யார் இங்கிருந்து நிலத்தையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போடுகிறது. ஒரு மகன் வெளியூரில் சம்பாதித்தால், இங்கே விளைச்சல் பொய்த்த வருடத்தில் அடுப்பு எரியும். அந்தப் பையனுக்குப் போக விருப்பமா என்று சில வீடுகளில் கேட்பார்கள், சில வீடுகளில் கேட்பதே இல்லை.

மிகவும் ஏழைகள்தான் அதிகம் போகிறார்களா?

இல்லை. பயணத்துக்குப் பணம் வேண்டும், தகவல் வேண்டும், அங்கே ஒரு தெரிந்த முகம் வேண்டும். அடிமட்ட வறுமையில் இருப்பவருக்கு இவை மூன்றுமே கிடையாது. ஏழை நாடு ஒன்று கொஞ்சம் நிமிரத் தொடங்கும்போது வெளியேற்றம் முதலில் கூடுகிறது, வருமானம் ஓரளவு உயர்ந்த பிறகே குறைகிறது. இத்தாலியிலிருந்து 1880க்கும் 1915க்கும் இடையே சுமார் 1.3 கோடிப் பேர் கிளம்பினார்கள். இன்று அதே நாடு ஆட்களைப் பெறும் நாடாகிவிட்டது.

போக முடியாதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2005இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை நெருங்கியபோது ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பலரிடம் கார் கிடையாது, விடுதிக்குக் கொடுக்கப் பணமும் கிடையாது. தங்கியதும் அவர்கள் விரும்பி எடுத்த முடிவாக இருக்கவில்லை.

அகதி, தஞ்சம் கோருகிறவர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்: என்ன வேறுபாடு?

1951இன் அகதிகள் உடன்படிக்கைப்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற தகுந்த அச்சத்தோடு நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. அந்த அச்சம் உண்மையா என்று இன்னும் விசாரித்து முடிக்காத நிலையில் இருப்பவர் தஞ்சம் கோருகிறவர். எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அவரை அந்த உடன்படிக்கை காப்பதில்லை.

இதில் உயிர்நாடியான விதி, ஆபத்து காத்திருக்கும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது. 33ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

2024 முடிவில் கட்டாயமாக வெளியேற்றப்பட்டோர் 12.32 கோடி, அதில் 7.35 கோடிப் பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இருந்தார்கள். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டில்தான் நின்றார்கள். பாரம் சுமக்கிற நாடுகளில் பெரும்பாலானவை நடுத்தர அல்லது குறைந்த வருமானம் கொண்டவை. தங்கள் வாசலில் கூட்டம் முட்டுவதாகச் சொல்லும் பணக்கார நாடுகள் இந்த எண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

காலநிலை மாற்றத்தால் ஊரை விட்டவரை அகதி என்று சொல்லலாமா?

பேச்சில் சொல்கிறோம், சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. 1951இன் வரையறையில் வெள்ளமும் வறட்சியும் வரவில்லை. கடல் மட்டம் உயர்வதைக் காரணம் காட்டி நியூசிலாந்தில் தங்க முயன்ற கிரிபாட்டி தீவுக்காரர் ஒருவரின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார். 2020இல் வெளிவந்த தீர்ப்பும் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் காலநிலை மாற்றம் உயிருக்கே ஆபத்தாகும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாகலாம் என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டது. சின்னக் கதவுதான், ஆனால் திறந்திருக்கிறது. 2023இல் பசிபிக் தீவு நாடான துவாலு ஆஸ்திரேலியாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் வருடத்துக்கு 280 பேர் வரை அங்கே குடியேற வழி தருகிறது.

இயற்கைப் பேரிடர்களால் 2022இல் மட்டும் உள்நாட்டில் 3.26 கோடி நகர்வுகள் பதிவாயின. ஆட்களின் எண்ணிக்கையாக இதைப் படித்துவிட வேண்டாம். ஒரே குடும்பம் ஒரே வருடத்தில் மூன்று முறை ஓடினால் மூன்று முறை எண்ணப்படும். புயலாவது கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்தில் உப்பேறி ஒவ்வொரு வருடமும் விளைச்சல் கொஞ்சம் குறைந்து, கடைசியில் நகரத்துக்குக் கிளம்புகிறவரிடம் காரணம் கேட்டால் 'வேலைக்கு' என்றுதான் சொல்வார்.

வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களின் வேலையைப் பறிக்கிறார்களா?

1980இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களுக்குள் அமெரிக்காவுக்கு வந்தார்கள், பெரும்பாலோர் மயாமியில் நின்றார்கள். நகரத்தின் தொழிலாளர் எண்ணிக்கை சட்டென்று 7 சதவீதம் கூடியது. டேவிட் கார்ட் என்ற பொருளியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர்த் தொழிலாளர்களின் கூலியிலோ வேலையின்மையிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பைக் காணவில்லை. பின்னாளில் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவை வேறு விதமாகப் பிரித்து, பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி நன்றாகவே விழுந்தது என்றார். வாதம் இன்றும் ஓயவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. வருகிறவர்கள் வேலையும் செய்கிறார்கள், வீடும் எடுக்கிறார்கள், பொருளும் வாங்குகிறார்கள். அதனால் வேலைகளின் எண்ணிக்கை நிலையாக நிற்பதில்லை. மொத்தத்தில் பாதிப்பு சிறியது. ஆனால் அதே வேலையை, அதே தகுதியோடு செய்யும் ஒரு சிறு பிரிவினருக்கு வலி இருக்கலாம், அவர்களின் பயத்தை வெறுப்பு என்று தள்ளிவிடக் கூடாது. கூலியைக் குறைத்துக் கொடுக்க முதலாளிக்கு வசதியாக இருப்பது, வந்தவருக்கு உரிமை இல்லாத நிலைதான். அவருக்கும் அதே கூலிச் சட்டம் கிடைத்தால் இரு பக்கமும் நிமிர்ந்து நிற்கலாம்.

வெளியிலிருந்து வரும் பணம் ஊருக்கு நல்லதா?

பெருமளவுக்கு ஆம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு, வெளிநாட்டில் இருக்கும் அந்நாட்டவர்கள் 2023இல் அனுப்பிய தொகை சுமார் 65,600 கோடி டாலர். அந்நிய நேரடி முதலீட்டைவிட அதிகம். நேபாளத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ கால்பங்குக்குச் சமமான தொகை இப்படித்தான் வருகிறது. நடுவில் யாருடைய கையிலும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வருவது இதன் பெரிய பலம். பள்ளிக் கட்டணம், மருந்து, கடன், கூரை என்று செலவாகிறது.

குறைகளும் உண்டு. சிறு தொகை அனுப்பவே சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் கட்டணம் போகிறது; இதை 2030க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்குகளில் ஒன்று. ஊரில் நிலத்தின் விலை ஏறி, வெளியே ஆள் இல்லாத குடும்பம் ஒரு துண்டு வாங்க முடியாமல் போகிறது. அடுத்த தலைமுறைக்குப் படிப்பே புறப்படுவதற்கான ஏற்பாடாகிவிடுகிறது.

படித்தவர்கள் எல்லாம் போய்விட்டால்?

மருத்துவரும் செவிலியரும் குறைவாக உள்ள நாட்டிலிருந்து அவர்களை இழுத்துக்கொள்வது அந்த நாட்டு நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் இதற்கென நடத்தை விதிகளை வகுத்தது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. போகும் வாய்ப்பு இருப்பதாலேயே பலர் அந்தப் படிப்பில் சேர்கிறார்கள், சிலர் அனுபவத்தோடு திரும்புகிறார்கள் என்பதும் உண்மை. போனவரைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பளமும் கருவியும் மரியாதையும் இல்லாத மருத்துவமனையைச் சரிசெய்யாமல் ஆளை மட்டும் கட்டிப்போட முடியாது.

ஊரிலேயே தங்கிவிட்டவர்களுக்கு என்ன ஆகிறது?

பெற்றோர் இருவரும் நகரத்தில், பிள்ளை பாட்டியிடம்: சீனாவில் இது கோடிக்கணக்கான பிள்ளைகளின் கதை. அங்கே 1958இல் வந்த குடும்பப் பதிவு முறையில் பள்ளியும் மருத்துவமும் பதிவான ஊரோடு பிணைந்தவை. நகரத்தில் கட்டடம் கட்டுகிறவரின் பிள்ளைக்கு அந்த நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது அரிது. விதிகள் பின்னாளில் தளர்ந்தாலும் பெருநகரங்களில் கதவு இன்னும் குறுகல்தான். அந்தக் குடும்பத்தைப் பிரித்ததில் தூரத்துக்கு இருந்த அளவு பங்கு சட்டத்துக்கும் இருந்தது.

கணவன் போன வீட்டில் மனைவியின் கை ஓங்குவதும் உண்டு: வங்கிக் கணக்கு, நிலம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அவள் பொறுப்பு. மாமனார் மாமியாரின் கட்டுப்பாடு இறுகுவதும் உண்டு. முதியவர்களுக்கோ மாதாமாதம் பணம் வரும். விழுந்தால் தூக்கிவிடப் பக்கத்தில் ஆள் இருக்காது.

எல்லையை இறுக்கினால் வருவது நிற்குமா?

நாம் நினைக்கிறபடி நடப்பதில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. இரண்டு வருடம் வேலை, பிறகு ஊர், அவர் இடத்துக்குப் புது ஆள் என்பதுதான் திட்டம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். அதுவரை போய்வந்துகொண்டிருந்தவர் என்ன யோசிப்பார்? இப்போது ஊருக்குப் போனால் மறுபடி உள்ளே வர முடியாது. அதனால் பலர் போகவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். தற்காலிகமாக வந்தவர்களை நிரந்தரமாக்கியதில் அந்தத் தடைக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று துருக்கி வழிவந்தோர் ஜெர்மனியில் சுமார் 30 லட்சம் பேர். போகவும் வரவும் முடிகிற எல்லையில்தான் ஆள் திரும்பிப் போகிறார்.

ஆள் கடத்தலும் எல்லை கடத்திவிடுவதும் ஒன்றா?

இல்லை. 2000இல் ஐ.நா. இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம் கொண்டுவந்தது. பணம் வாங்கிக்கொண்டு சட்டவிரோதமாக எல்லை தாண்ட உதவுவது எல்லை கடத்திவிடுவது. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைப் பிடித்து உழைப்பையும் உடலையும் சுரண்டுவது ஆள் கடத்தல். முதலாவதாகத் தொடங்கியது வழியிலேயே இரண்டாவதாக மாறிவிடுவதும் நடக்கிறது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது, ஏஜென்ட் கட்டணத்தைத் தீராத கடனாக்குவது, புரியாத மொழியில் கையெழுத்துக் கேட்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் உடனே உஷாராக வேண்டும்.

போனவர்கள் திரும்பி வருவது எளிதா?

2020 மார்ச்சில் இந்தியாவில் ஊரடங்கு வந்தபோது, நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். வேலை நின்ற மறுநாளே நகரத்தில் தங்க அவர்களுக்கு ஒன்றும் இல்லாமல் போனது. சில மாதங்களில் பலர் மறுபடி அதே நகரங்களுக்குப் போனார்கள், ஏனென்றால் ஊரிலும் வேலை இல்லை.

வருடக்கணக்கில் வெளியே இருந்துவிட்டு வருகிறவருக்கு வேறு விதமான சிரமம். ஊர் அவருக்காகக் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து, அப்பா இல்லாமலேயே முடிவெடுக்கப் பழகியிருப்பார்கள். கையில் இருக்கும் தொழில்திறனுக்கு ஊரில் வேலை இருக்காது, சேமிப்பை யாராவது கடனாகக் கேட்பார்கள். முதல் சில மாதங்கள் விருந்தாளி போலவே நடத்துவார்கள். அடுத்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று தெருவில் எதிர்ப்படுகிற எல்லோரும் கேட்பார்கள்.